நாற்பது விநாடி

அரசு ஏடுகளில் அது கூபேர் அங்காடி. எங்கள் வாயில் என்றும் பெரிய மார்க்கெட்தான். அங்கே மீன் விற்கும் என் அத்தையின் கன்னம் அன்று கன்றிப்போயிருந்தது. கேட்டவர்களிடமெல்லாம், "படியில வழுக்கிட்டேம்மா" என்று சொல்லிக்கொண்டே சங்கராவின் செதிலைச் சீவினாள். நான் தலைகுனிந்து நின்றேன். உண்மை என் சட்டைப் பையில் இருந்தது.

நாற்பது விநாடி ஓடும் வீடியோ. அத்தை மகள் கதவோரம் நின்று எடுத்து, எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். பிறகு மாமா அவள் கைப்பேசியைச் சுவரில் அடித்து நொறுக்கிவிட்டார்.

வழக்கு வென்றதுபோலத்தான் என்று எண்ணி இலவசச் சட்ட உதவி வழக்கறிஞரிடம் ஓடினேன். "எடுத்த கருவி எங்கே?" என்பதே அந்த அம்மையாரின் முதல் கேள்வி! மூலக் கருவியையே கொண்டுவந்து உரியவர் சாட்சி சொன்னால் போதும். நகலென்றால் சான்றிதழ் வேண்டும். உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லி, 2020-இல் உறுதிசெய்தது இது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவோ, கருவிக்குப் பொறுப்பானவரோடு வல்லுநரும் சான்றிதழில் கையொப்பமிட வேண்டும் என்கிறது. கோப்பின் 'ஹாஷ்' எண்ணும் அதில் இருக்க வேண்டுமாம். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். மார்க்கெட் தராசைவிடக் கறாரானது.

மறைவாக எடுத்தது செல்லுமா என்று தயங்கினேன். கணவன் இரகசியமாகப் பதிந்த மனைவியின் பேச்சையே ஒரு மணவழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டினார். மேலும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை கேட்க வீடியோ இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. அத்தையின் வாக்குமூலமும் மருத்துவமனைச் சீட்டும் பேசும். கொடுமைக்காகத் தண்டனை வாங்கும் குற்றவழக்கில்தான் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். அங்கே, எடுத்தவளே வந்து சொன்னால் வலு.

எடுத்தவளுக்கு வயது பதின்மூன்று.

இதைச் சொன்னதும் அத்தையின் கத்தி நின்றது. "பாப்பா கோர்ட்டுல ஏறி அவங்கப்பனைக் காட்டணுமா, கண்ணு?"

எனக்கு வாய் வரவில்லை. வழக்கு, வழக்கு என்று குதித்த நான் அந்தக் குழந்தையை நினைக்கவே இல்லை.

அத்தை நெடுநேரம் பேசவில்லை. ஐஸை அள்ளி மீன்மேல் போட்டாள். பிறகு மடியிலிருந்து நான்காய் மடித்த காகிதத்தை எடுத்தாள். மருத்துவமனைச் சீட்டு! "இத வெச்சி நானே சொல்றேன். பாப்பா வேணாம். அந்தப் படத்த மட்டும் அழிச்சிடாத" என்றாள்.

யாரோ வஞ்சிரத்துக்கு விலை கேட்டார்கள். அத்தை அவர்கள் பக்கம் திரும்பினாள்.