தொடாக்காஞ்சியும் ஒரு கணிப்பொறி விளையாட்டும்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என நம் மாணவர்கள் கேட்டபோது, சங்க இலக்கியம் பற்றியே நாம் எழுதுவோம் என அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். அவ்வெண்ணம் பாதி பழுதாகாது. மற்றப் பாதியோ பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கத்தக்க பொருள் பற்றியது. நடைபிணங்களை எதிர்த்துப் பொரும் ஒரு கணிப்பொறி விளையாட்டில், ஆடுவோன் தனக்குரிய திறத்தை எவ்வாறு தேர்கிறான் என்பதை நம் இல்லத்திலேயே இருந்து கண்டோம். அது கற்பித்த பாடத்தை வகுப்பறையில் சொல்லக் கூச்சம் தடுத்தமையால் இங்கு எழுதுகிறோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. திருவரங்கத்து வடக்குச் சித்திரை வீதியில் நம் இல்லம். காவிரிப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் நம்மைக் கல்லூரிப் பக்கம் கொண்டு சேர்க்கும் ஒன்றாம் எண் பேருந்து நின்று போயிற்று. பாடம் நடத்துவது கைப்பேசியில் என்றாயிற்று. நம் மகனுக்கு அப்போது பதினாறு வயது. அவ்வாண்டு ஜூலையில் எபிக் என்னும் இணையக் கடை, ‘கில்லிங் ஃப்ளோர் 2’ என்ற விளையாட்டை ஒரு வார காலம் விலையின்றி வழங்கியது. அது முதிர்ந்தோர்க்குரியது எனத் தரமிடப்பட்டது என்பதை அவனே மறைக்காமல் சொன்னான். நாம் அருகில் அமர்ந்திருக்கும்போது மட்டுமே ஆடலாம் என்ற நிபந்தனையுடன் இசைந்தோம். அமர்ந்தவர் மெல்ல மெல்லப் பார்வையாளராகிப் போனோம் என்பதே உண்மை.

அமெரிக்காவின் டிரிப்வயர் நிறுவனம் 2016-இல் முழுமையாக வெளியிட்ட விளையாட்டு அது. ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டுக் கட்டுமீறிய உருக்கள் அலையலையாய் வரும். ஆறு பேர் வரை, வெவ்வேறு ஊர்களில் இருந்தபடியே, ஓரணியாய் நின்று எதிர்ப்பர். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே சிறிது பொழுது உண்டு. அதற்குள் ஈட்டிய பொருளைக் கொண்டு படைக்கலம் வாங்க வேண்டும். வேண்டுமாயின் தன் தொழிலையும் திறத்தையும் மாற்றிக்கொள்ளலாம். வாசகர்கள் இவ்விதியை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

தொழில்கள் பத்து. கோடரியும் வாளும் ஏந்தி நெருங்கிப் பொருவோன் ஒருவன். தீயால் எரிப்போன் ஒருவன். வெடிமருந்து கையாள்வோன் ஒருவன். கதவுகளை விரைந்து பற்றவைத்து அடைத்து அரண் காப்போன் ஒருவன். புறப்பொருள் வெண்பாமாலை நொச்சிப் பூவை இவனுக்கே சூட்டும். மறைந்து வரும் பகையைக் கண்டு பிறர்க்கும் காட்டுவோன் ஒருவன். எவரும் விரும்பித் தேராத தொழிலும் ஒன்று உண்டு. அது களமருத்துவன் தொழில். அவன் துப்பாக்கியிலிருந்து தோழர் மேல் பாயும் சிற்றம்பு புண்ணை ஆற்றும்.

ஆடுவோன் தேறத் தேற அவன் தொழிலில் இருபத்தைந்து படிகள் ஏறலாம். ஐந்து படிக்கு ஒருமுறை இரு திறங்கள் முன்வைக்கப்படும். ஒன்றைக் கொண்டால் மற்றதை விட்டாக வேண்டும். ஐந்து முறை இவ்வாறு தேர்வதால் ஒரே தொழிலினர் 32 வகையினராகப் பிரிவர். எல்லாத் திறமும் பெற்ற மாவீரன் அவ்வுலகில் இல்லை. அதனாலன்றோ அணி என ஒன்று வேண்டியதாயிற்று!

நம் மகன் களமருத்துவனையே தேர்ந்தான். ஏன் என்றோம். “ஐந்து பேரும் சுடுவதற்கு வந்துவிட்டார்கள் அப்பா. யாருக்கும் மருந்து போட ஆளில்லை” என்றான். ஐந்தாம் படியில் முதல் தேர்வு வந்தது. சிம்பயாட்டிக் ஹெல்த் என்பது ஒரு திறம்: உடல்வலு கூடும், அத்துடன், பிறர் புண்ணை ஆற்றும்தோறும் தன் உடலும் சிறிது தேறும். ரெசிலியன்ஸ் என்பது மற்றது: தன் உயிர்வலு குறையக் குறையத் தன்மேல் விழும் அடி உறைக்காது, உடல் இறுகிக்கொண்டே போகும்.

“நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்?” எனக் கேட்டான்.

“இரண்டாவதை. தன்னைக் காத்துக்கொண்டவனன்றோ பிறரைக் காக்க முடியும்?” என்றோம், ஆசிரியர்க்குரிய உறுதியோடு.

அவன் சிரித்தான். “அப்படியானால் கடைசியில் நீங்கள் மட்டும் நிற்பீர்கள் அப்பா. சுற்றி ஒருவரும் இருக்க மாட்டார்கள்” என்று கூறி முதலாவதை அழுத்தினான். விளையாட்டுப் பேச்சென அதனை அன்று மறந்தோம்.

மறந்திருக்க வேண்டியவர் அல்லேம்; நாம் பாடம் நடத்தும் நூலிலேயே அது இருந்தது. தொல்காப்பியர் காஞ்சித் திணையில் தொடாக்காஞ்சி என ஒரு துறை வகுத்தார். களத்தில் புண்பட்டுக் கிடப்பவனைப் பேய் தீண்டாதபடி அவன் மனைவி காத்து நிற்பது அது. புறநானூற்றில் அரிசில்கிழார் அக்காவலை விரித்துப் பாடினார். மனையில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, யாழும் குழலும் இசைத்து, மணியடித்து, நறும்புகை எழுப்பி, வேந்தனுக்காகப் புண்பட்டவனைக் காக்கத் தோழியையும் உடன் அழைக்கிறாள் ஒருத்தி. வாளெடுத்தவனைப் பாடிய புலவர் மரபு, புண்ணருகே விழித்திருந்தவளையும் மறக்கவில்லை. எத்தனையோ ஆண்டுகள் இதனை நாம் விளக்கியதுண்டு. தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக வைத்ததும் உண்டு. அதற்கு மேல் அதனோடு நமக்கு உறவு இருந்ததில்லை.

2021-ஆம் ஆண்டு மே முதல் வாரத்தில், உறையூரில் வாழ்ந்த நம் தமையனார் பெருந்தொற்றால் மறைந்தார். உறவினர் வர இயலவில்லை; அஞ்சியோரைக் குறை கூறவும் இயலாது. ஓயாமரிச் சுடுகாட்டு வாயிலில் தனித்து நின்றபோது, தலை முதல் கால் வரை காப்புடை அணிந்த இளைஞர் நால்வர் வந்தனர். “ஐயா, நீங்கள் தள்ளி நில்லுங்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்ற குரல் பழகிய குரலாயிருந்தது. முன்னர் நம் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் அவன். அக்கினி வெயிலில் அவ்வுடைக்குள் வியர்த்து நின்றவனுக்குத் தண்ணீர்ப் புட்டியை நீட்டினோம். வாங்கவில்லை. “நோன்பு ஐயா” என்றான். நம் தமையனாரை அந்நால்வரும் சுமந்து சென்றனர். அவ்வாண்டு தமிழகமெங்கும் முஸ்லிம் இளைஞர் பலர், எச்சமயத்தார் உடலாயினும் ஏற்று இப்பணி செய்தமை நாடறிந்தது. நாம் அறிந்தது நான்கு பேரின் தோளை.

இவ்வளவும் கண்ட பின் நெஞ்சம் நெகிழ்ந்திருக்க வேண்டும். நமக்கு நேர்ந்தது வேறு. யாரோடும் பேசுவதைக் குறைத்தோம். அண்ணியார் அழைத்தால் இரண்டு சொல்லோடு முடித்தோம். வலி குறைந்ததாகவே தோன்றியது. அதனை மனவுறுதி என்று எண்ணிக்கொண்டோம். செப்டம்பர் முதல் நாள் கல்லூரிகள் திறந்தன. பத்து நாள் கழித்து வந்த ஒரு மாணவன், தன் தந்தை ஜூனில் மறைந்ததையும், கடையைத் தான் பார்க்க நேர்ந்ததையும் சொல்லத் தொடங்கினான். “விடுப்புக் கடிதம் எழுதி அலுவலகத்தில் கொடு” என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டைப் புரட்டினோம். அவன் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

அன்றிரவு மகன் வழக்கம்போல் ஆடிக்கொண்டிருந்தான். அணியில் மூவர் வீழ்ந்திருந்தனர். அவன் உயிர்வலு காட்டும் கோடு நூலளவாய் இருந்தது. ஓடி ஒளிவான் என எண்ணினோம். அவனோ நடுவில் சிக்கிய ஒருவனை நோக்கி ஓடி மருந்தம்பு எய்தான். அவன் கோடு ஏறியது. நம் மகனின் கோடும் அதனோடு சிறிது ஏறியது. மீண்டும் எய்தான், மீண்டும் ஏறியது. அவ்வாட்டத்தில் அவர்கள் வென்றார்களா என்பது நினைவில்லை. ஓராண்டுக்கு முன் அவன் கேட்டதும் நாம் விடையிறுத்ததும் நினைவுக்கு வந்தன. நாம் தேர்ந்த திறமே நமக்கு வாய்த்திருந்தது. வலு குறையக் குறைய இறுகிப்போனோம், அடி உறைக்கவில்லை, சுற்றிலும் ஒருவரும் இல்லை. நடைபிணம் என்னும் சொல்லைத் தமிழர் இறந்து எழுந்தவனுக்காகவா ஆக்கினர்? உயிரோடிருந்தும் உணர்வற்றுத் திரிபவனுக்கன்றோ!

மறுநாள் அம்மாணவனைத் தேடிச் சென்று வேப்பமரத்தடித் திண்ணையில் அமர்த்தினோம். மன்னிப்புக் கேட்டோம். முதலில் எதுவும் பேசவில்லை. பிறகு, “அத்தா படுத்திருந்த கட்டிலை இன்னும் யாரும் மடக்கவில்லை ஐயா” என்றான். நம் தமையனாரின் மூக்குக்கண்ணாடி நம் மேசையில் இருப்பதைச் சொன்னோம். யாரிடமும் சொல்லாதிருந்த செய்தி அது. அறிவுரை எதுவும் கூறவில்லை. இரண்டாம் மணி அடித்தபின் எழுந்தோம். மாலையில் பாலத்தின் மேல் பேருந்து செல்கையில், மே மாதத்திற்குப் பின் முதன்முறையாகக் காவிரியைப் பார்த்தோம். அன்றிரவே அண்ணியாரை அழைத்து நெடுநேரம் பேசினோம்.

தன் புண் ஆறும் எனக் கணக்கிட்டுப் பிறர் புண்ணைத் தொடுவது வணிகமாகும் என்பதை அறிவோம். விளையாட்டில் எவ்வளவு ஏறும் என்பதற்கு எண் உண்டு. வாழ்வில் ஏறும் எனச் சொல்வார் இல்லை. ஓயாமரியில் நின்ற இளைஞன் எதனையும் எதிர்பார்த்து நிற்கவில்லை.

இவ்விளையாட்டைப் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று. அதில் குருதியும் கூச்சலும் மிகுதி. இரவுறக்கத்தை இழந்த மாணவரை முதல் மணி வகுப்பில் நாம் கண்டதுண்டு. பெற்றோர்க்கு ஒன்று சொல்வோம்: பிள்ளைகள் ஆடுவதைத் தடுக்குமுன் ஒருமுறை அருகமர்ந்து, அவர்கள் எதைத் தேர்கிறார்கள் என்று பாருங்கள். நம் மகன் மருத்துவம் படிக்கச் செல்லவில்லை; வணிகவியலில் சேர்ந்தான். எனினும், எவரும் நிற்காத இடம் எதுவெனப் பார்த்து அங்கே போய் நிற்பவன் அவன் என்பதை அவனருகே அமர்ந்திருந்த மாலைகளில்தான் அறிந்தோம்.

மாணவ மணிகளே, உங்கள் திறம் எதுவெனத் தேரும் பருவத்தில் நிற்கிறீர்கள். தவறாகத் தேர்ந்துவிட்டோம் என வருந்துவோர்க்கு, முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன விதி உள்ளது: ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே மாற்றிக்கொள்ளலாம். ஐம்பது வயதைக் கடந்த பின்னர் நாம் மாற்றிக்கொண்டோம். தொடாக்காஞ்சி வினாவை இப்போதும் வகுப்பில் கேட்கிறோம். விடையைக் கேட்கும்போது மட்டும் பதிவேட்டை மூடிவைத்து விடுகிறோம்.