அம்மாவுக்கு முன்னால் பேப்பருக்குத் தெரிந்துவிடுகிறது

சில ஆண்டுகளுக்கு முன், வட மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனையின் பிணவறை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். ஊர்த்தெரு வழியாக பைக்கில் போன காலனி இளைஞர் ஒருவரை வழிமறித்து அடித்திருந்தார்கள். மறுநாள் மதியம் அவர் இறந்துபோனார். அதற்கடுத்த நாள் காலை, பிரேதப் பரிசோதனைக்காக எல்லோரும் காத்திருந்தோம். டீ வாங்கப் போன உறவுக்காரப் பையன் கையில் பேப்பரோடு திரும்பி வந்தான். ‘முன்விரோதத்தில் இருதரப்பு மோதல்: வாலிபர் சாவு’. கடைசி வரியில், இறந்தவர் மதுபோதையில் இருந்ததாகக் கூறப்படுகிறது என்று போட்டிருந்தது.

பிரேதப் பரிசோதனையே அப்போது தொடங்கியிருக்கவில்லை. பிறகு போதை என்று சொன்னது யார்?

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்: “ஏம்ப்பா, எம்புள்ள குடிக்கவே மாட்டானே. எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே. பேப்பர்காரங்களுக்கு இதெல்லாம் யாரு சொன்னது?”

அங்கே வந்திருந்த உள்ளூர் நிருபரிடம் விசாரித்தோம். தயங்கியபடி தன் செல்போனைக் காட்டினார். காவல்துறையினரும் நிருபர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் முந்தைய நாள் இரவே அந்தச் செய்திக்குறிப்பு வந்திருந்தது. பேப்பரில் இருந்ததும் அதுவும் கிட்டத்தட்ட வரிக்கு வரி ஒன்று. அதே நேரத்தில், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு இரண்டு நாளாகக் காவல் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். “ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு, நாளைக்கு வாங்க” என்பதே எங்களுக்குக் கிடைத்த பதில்.

அந்த நிருபரைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை. தாலுகா அளவில் வேலை செய்யும் நிருபர்கள் பலருக்கு ஒழுங்கான சம்பளம் கிடையாது. விபத்து, திருட்டு, கஞ்சா பறிமுதல் என்று தினசரிச் செய்திக்கு அவர்கள் நம்பியிருப்பது காவல் நிலையத்தைத்தான். “ஸ்டேஷனைப் பகைச்சுக்கிட்டா நாளைக்கு எனக்கு ஒரு நியூஸும் வராது தோழர்” என்றார். காவல்துறையின் ஊடக உறவு என்பது கமிஷனர் அலுவலகத்தில் மைக்குகளுக்கு முன்னால் நடக்கும் பேட்டி மட்டுமல்ல. அதன் பெரும்பகுதி இந்த வாட்ஸ்அப் குழுக்களில்தான் நடக்கிறது.

சமூகவியல் வகுப்பில் ஸ்டூவர்ட் ஹாலும் அவரது சக ஆய்வாளர்களும் 1978இல் வெளியிட்ட ஒரு நூலைப் படித்தோம். ஒரு சம்பவத்துக்கு முதலில் பெயர் வைக்கும் அதிகாரம் காவல்துறை போன்ற அமைப்புகளிடம் இருக்கிறது, பிறகு பேச வருகிறவர்கள் அந்தப் பெயரை மறுத்துத்தான் தங்கள் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது என்று அதில் சொல்லியிருந்தார்கள். இங்கிலாந்தைப் பற்றி எழுதியது. எங்களுக்கு அது புரிந்தது பிணவறை வாசலில்தான்.

‘முன்விரோதம்’ என்று எழுதிவிட்டால் சாதி மறைந்துவிடும். ‘இருதரப்பு மோதல்’ என்றால் அடித்தவனும் அடிவாங்கியவனும் ஒன்றாகிவிடுவார்கள். கவுன்டர் கேஸ் போடுவதற்கும் வழி பிறந்துவிடும். ‘காதல் விவகாரம்’ என்றால் ஆணவக்கொலை ஒரு குடும்பத் தகராறாகச் சுருங்கிவிடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிய வேண்டுமா என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே, அந்தச் சட்டத்துக்கு இங்கே வேலையில்லை என்று ஊர் முடிவுசெய்துவிடுகிறது.

முதலில் சொல்லப்படும் கதை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு சாட்சிகளும் உண்டு. 2020இல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் காவல் சித்திரவதையில் இறந்தார்கள். அவர்கள் தலித்துகள் அல்லர். அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் காயம்பட்டது என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கதை உடைந்ததற்குக் கடைவீதி சி.சி.டி.வி. பதிவும், நீதித்துறை நடுவரிடம் துணிந்து உண்மையைச் சொன்ன ஒரு பெண் காவலரும் காரணம். எங்கள் காலனிகளில் சி.சி.டி.வி. கிடையாது. கைதானவர் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்து’ கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படத்தையும் பார்த்து நாம் சிரித்துப் பழகிவிட்டோம். அந்தப் படம் யார் வழியாக நம் கைக்கு வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் திருத்தமாகச் சேர்க்கப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது 15ஏ பிரிவு. பாதிக்கப்பட்டவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும், புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிக்க வேண்டும், குற்றப்பத்திரிகையின் நகலையும் தர வேண்டும் என்கிறது அது. தகவல் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை. நடைமுறையில் அந்த உரிமை பத்திரிகைகளுக்குக் கிடைக்கிறது. குடும்பத்துக்குக் கிடைப்பது “நாளைக்கு வாங்க”.

வேங்கைவயலை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அந்த மக்கள் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்கள்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டதாக உயர் நீதிமன்றத்தில் அரசு தெரிவித்தது. உடனே அது தலைப்புச் செய்தியானது. அடுத்தடுத்து ஆடியோ பதிவுகளும் படங்களும் ஊடகங்களில் சுற்றின. அந்தக் குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்று முடிவுசெய்ய வேண்டியது நீதிமன்றம். ஆனால் வழக்கின் சான்றுகளாக இருக்க வேண்டியவை விசாரணைக்கு முன்பே தொலைக்காட்சிக்கு எப்படிப் போயின? இந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் இருந்தால், நாளை எந்த வழக்கிலும் இதுவே நடக்கும்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. கைதானவர்களை ஊடகங்கள் முன் நிறுத்தக் கூடாது, தீர்ப்புச் சொல்வதுபோல் பேசக் கூடாது என்று 2010ஆம் ஆண்டிலேயே ஒன்றிய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுரை அனுப்பியது. 2023 செப்டம்பரில், காவல்துறை ஊடகங்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு விரிவான கையேடு தயாரிக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமையில், அவருடைய அடையாளத்தோடு முதல் தகவல் அறிக்கை கசிந்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். விதிமீறலுக்கு விலை உண்டு என்று காட்டிய உத்தரவு அது. சேரியிலிருந்து வரும் வழக்குகளில் அந்த விலையை யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டு எங்கள் தவறை மறைத்தால் அது நேர்மையாகாது. அன்று பேப்பரைப் பார்த்ததும் எங்களுக்கு வந்த கோபத்தில், இறந்த இளைஞரின் தங்கையை அன்று மாலையே கேமராக்களுக்கு முன்னால் நிறுத்தினோம். அண்ணனை இழந்து சாப்பிடாமல் தூங்காமல் இருந்த பெண். அழுதுகொண்டே பேசினாள். போலீஸ் கதையை உடைத்துவிட்டோம் என்று பெருமைப்பட்டோம். வழக்கு விசாரணைக்கு வந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வீடியோவைப் பிடித்துக்கொண்டார். “டி.வி.யில் மூன்று பேர் என்று சொன்னாய், இப்போது ஐந்து பேர் என்கிறாய். எது பொய்?” கூண்டில் நின்ற அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எங்களால் மறக்க முடியவில்லை. போலீஸ் அவளைக் கேட்காமல் பேசியது. நாங்கள் அவளைக் கேட்காமல் பேச வைத்தோம்.

அதன் பிறகு எங்கள் வேலைமுறையை மாற்றிக்கொண்டோம். போனதும் முதலில், 15ஏ பிரிவைக் குறிப்பிட்டு முதல் தகவல் அறிக்கை நகலை எழுத்துமூலம் கேட்கிறோம். மனுவுக்கு ரசீது வாங்குகிறோம். நீதித்துறை நடுவரிடம் வாக்குமூலம் பதிவாகும் வரை சாட்சிகளைக் கேமராவுக்கு முன் நிறுத்துவதில்லை. குடும்பத்துக்குப் படித்துக்காட்டி, அவர்கள் சம்மதித்ததை மட்டும் ஒரு பக்க அறிக்கையாக நிருபர்களுக்குக் கொடுக்கிறோம். காவல்துறை சொன்னதைப் போடுங்கள், ஆனால் ‘காவல்துறை தரப்பில்’ என்று சேர்த்துப் போடுங்கள் என்று கேட்கிறோம். சிலர் சேர்க்கிறார்கள்.

காவல்துறையிடம் எங்கள் கோரிக்கையும் சிறியதுதான். ஒரு சாவைப் பற்றி ஊடகங்களுக்கு எதை அனுப்பினாலும், அதற்கு முன் அந்த வீட்டாரிடம் படித்துக்காட்டுங்கள். படித்துக்காட்ட முடியாத வரி இருந்தால் அதை அனுப்பாதீர்கள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. போன வாய்தாவுக்கு வந்திருந்த அம்மா, கொண்டுவந்த மஞ்சள் பையிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்தார். கூடவே மடித்து வைத்திருந்த அந்தப் பேப்பரும் வந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. இதை எதுக்கும்மா இன்னும் வச்சிருக்கீங்க என்று கேட்டோம்.

“இது பொய்யின்னு ஒருநாள் பேப்பர்ல போடுவாங்கல்ல, அதையும் இதுகூட சேத்து வைக்கணும்” என்றார்.