பர்வதமலைக்குப் புறப்படும் முன்

திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரிலிருந்து செங்கம் நோக்கிச் செல்லும் சாலையில் பயணிப்போருக்கு, சுற்றியுள்ள குன்றுகளைவிட ஓங்கி நிற்கும் ஒரு சிகரம் கண்ணில் படும். அதுவே பர்வதமலை. சுமார் 4,500 அடி உயரமுள்ள அதன் உச்சியில் மல்லிகார்ஜுனேஸ்வரரும் பிரமராம்பிகை அம்மனும் எழுந்தருளியுள்ளனர். அடியார்கள் தம் கையாலேயே இறைவனுக்கு நீர் வார்த்து, மலர் சாத்தி வழிபடும் பேறு இத்தலத்தின் தனிச்சிறப்பு.

பத்துப்பாட்டில் இறுதியாக வைத்து எண்ணப்படும் மலைபடுகடாம், நன்னனின் நாட்டில் நஞ்சுண்ட கடவுள் உறையும் நவிர மலையைப் போற்றுகிறது. அம்மலை இதுவே என்பர். 583 அடிகள் கொண்ட அந்நூல், பரிசில் நாடிச் செல்லும் கூத்தர்களுக்கு மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. வழுக்கும் பாறைகளில் கொடிகளைப் பற்றி நடக்கவும், பாம்புகள் உறையும் இடங்களை அறிந்து கடக்கவும், இருள் சூழ்ந்தால் மேலே செல்லாமல் குகையில் தங்கவும் அது அறிவுறுத்துகிறது. ஆகவே, இம்மலைப் பயணத்துக்கு முன்னெச்சரிக்கை வேண்டும் என்பது இன்று தோன்றிய எண்ணம் அன்று.

தென்மாதிமங்கலம் வழியாகவும் கடலாடி வழியாகவும் மலையேறலாம். தென்மாதிமங்கலம் வழியில் முதலில் படிகள் உள்ளன. அவை முடிந்ததும் கரடுமுரடான கற்பாதை தொடங்கும். அதன்பின் வருவதே உண்மையான சோதனை. செங்குத்தான பாறையில் அடித்து இறக்கிய கடப்பாறைகளையும், இரும்புச் சங்கிலிகளையும் பற்றி ஏற வேண்டும். நல்ல உடல்நிலை உள்ளோருக்கே மேலே செல்ல மூன்று, நான்கு மணி நேரம் ஆகும்.

இத்தகைய மலைக்கு ஒரே நாளில் உடலைப் பழக்கிவிட இயலாது. ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே காலையில் நடைப்பயிற்சி செய்வதும், படிகளில் ஏறி இறங்கிப் பழகுவதும் நலம். அறுபதைக் கடந்தோர், குறிப்பாக இதயநோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளோர், மருத்துவரைக் கேட்காமல் புறப்படலாகாது. விரதம் என்ற பெயரில் வெறும் வயிற்றோடு ஏறுவதும், அன்றாட மருந்தைத் தவிர்ப்பதும் பெருந்தவறு.

பொருள்களைக் கையில் ஏந்தாமல் முதுகுப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். சங்கிலியைப் பற்ற இரு கைகளும் தேவை. போதிய குடிநீர், எளிய உணவு, மருந்து, கைவிளக்கு ஆகியவை போதும். வழியில் குரங்குகள் உண்டு. தின்பண்டங்களை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்லாதிருப்பது நல்லது. விடியற்காலையில் புறப்பட்டால் வெயிலுக்கு முன் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். மலையேறும் நேரம் குறித்த வனத்துறையின் அறிவிப்புகளை முன்னதாகவே கேட்டறிய வேண்டும். மழை பெய்தால் பாறை வழுக்கும். அன்று பயணத்தை ஒத்திவைப்பதே அறிவு. இறங்கும்போது முழங்கால்களே உடலின் பாரத்தைத் தாங்குகின்றன. தரிசனம் முடிந்த மகிழ்ச்சியில் விரைந்து இறங்கி விழுந்தோர் பலர். இறங்குவதற்கும் வலிமையை மிச்சம் வைத்திருப்பவரே நல்ல யாத்திரிகர்.

இவ்வளவும் கேட்டபின், முதிய அன்பர் ஒருவர் மனத்தில் வேறொரு கேள்வி எழக்கூடும். இளமையில் ஏற வாய்க்கவில்லை. இப்போது கால்கள் ஒத்துழைக்கவில்லை. எனில், அந்த ஈசன் தமக்கு எட்டாதவன்தானா?

மலையையே சிவமாகக் கண்டு வணங்குவது இம்மாவட்டத்தின் மரபு. அண்ணாமலையை வலம் வருவோருள் உச்சிக்கு ஏறுவோர் எத்தனை பேர்? பர்வதமலையையும் அடியார்கள் அவ்வாறே வலம் வருகின்றனர். அதற்கும் இயலாதோர் அடிவாரத்தில் அமர்ந்து, சிகரத்தை நோக்கி ஐந்தெழுத்தை ஓதலாம். பேரன் பேத்தியர் மேலே சுமந்து செல்லும் அபிஷேக நீரில் தாத்தா பாட்டியின் அன்பும் கலந்தே இருக்கிறது.

ஏற முடிந்தோர் பணிவோடு ஏறட்டும். பாதி வழியில் மூச்சு வாங்கினால், அங்கேயே நின்று கைகூப்பித் திரும்புவதில் குறை ஒன்றும் இல்லை. காரைக்கால் அம்மையார் கயிலையில் காலால் நடக்க அஞ்சித் தலையால் நடந்தார். அந்த அன்பைக் கண்டே இறைவன் அவரை 'அம்மையே' என்றழைத்தான். அன்பின் அளவையே அவன் நோக்குகிறான்; ஏறிய அடிகளை அவன் எண்ணுவதில்லை.