சேமிப்பு என்னும் சொல்

சென்ற வாரம் ஆய்வு நண்பர் ஒருவர் தம் புதிய மடிக்கணினியைக் கொண்டுவந்து, நினைவகத்தை மட்டும் கூட்டித் தர முடியுமா என்று கேட்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை எங்கள் விடுதியில் இத்தகைய வேலைகளுக்கு என்னைத்தான் தேடி வருவார்கள். நேரு பிளேஸுக்குப் போய் உரிய பாகத்தை வாங்கி, அன்று மாலையே மாட்டிக் கொடுத்துவிடுவேன். இந்தக் கணினியைத் திறந்து பார்த்தபோது நினைவகம் தாய்ப்பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருந்தது. மெல்லியதாக, அழகாக, யாரும் கைவைக்க முடியாததாக இருந்தது. மூடிக் கொடுத்துவிட்டேன்.

என் மேசையில் 2011ஆம் ஆண்டு வெளிவந்த திங்க்பேட் எக்ஸ்220 ஒன்று இருக்கிறது. நேரு பிளேஸில் பழையதாக வாங்கியது. ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் அதன் வன்தட்டு கையோடு வந்துவிடும். விண்டோஸ் 11 அதை ஏற்காது என்பதால் லினக்ஸில் ஓடுகிறது. அதைப் பற்றிப் பேசினால் பழமை விரும்பி என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். உண்மையில் நான் அதற்கு நேர்மாறானவன். புதியது எதுவானாலும் முதலில் ஓடிப்போய்ப் பயன்படுத்தியவன். பிறரையும் பயன்படுத்த வைத்தவன். நான் சொல்ல வருவது அந்தக் குற்றத்தைப் பற்றியதுதான்.

பழையவை எல்லாம் நல்லவை என்று தமிழில் கணினியைப் பயன்படுத்திய எவரும் சொல்லமாட்டார்கள். என் முதுகலை ஆசிரியர் தொண்ணூறுகளின் இறுதியில் தட்டச்சு செய்து வைத்திருந்த கட்டுரைகளைத் திறந்தபோது, திரையில் வந்தவை பொருளற்ற இலத்தீன் குறிகள். எந்த எழுத்துருவில் அடித்தார் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. பாமினியா, டிஸ்கியா, டாமா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து மீட்க இரண்டு நாள்கள் ஆயின. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாட்டு அரசு அதைத் தரமாக ஏற்றது 2010இல்தான். அந்த மாற்றம் நம் காலத்தின் பெரும் நன்மைகளுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆசிரியரின் கோப்புகள் படிக்க முடியாதவையாக இருந்தனவே தவிர, அவரிடமே இருந்தன. அதனால்தான் மீட்க முடிந்தது.

அதன்பின் வந்த மாற்றம் வேறு வகையானது. 2009 ஜூலையில், விற்ற புத்தகத்தை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அமேசான் நீக்கியது. அந்தப் புத்தகம் ஆர்வெல்லின் ‘1984’ என்பதால் உலகமே சிரித்தது. பின்னாளில் எங்கள் வகுப்பிலும் சிரித்தோம். 2013இல் அடோபி நிறுவனம் தன் மென்பொருள்களைப் பெட்டியில் போட்டு விற்பதை விட்டு, மாதச் சந்தாவுக்கு மாறியது. தனித்தனியாகப் பார்த்தால் இவை வணிக முடிவுகள். சேர்த்துப் பார்க்கையில், நாம் வாங்கியவர்களாக இருந்து குடியிருப்போராக மாறிய கதை தெரிகிறது. எனக்கு அது அப்போது தெரியவில்லை. திருடுபோகாத, பழுதாகாத, எங்கிருந்தும் திறக்கக்கூடிய ஓர் இடம் கிடைத்துவிட்டதாகவே நினைத்தேன்.

2018இல், ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காக, தில்லி ஜங்புராவில் பாராபுலா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப்பில் மொத்தம் 34 நேர்காணல்களைப் பதிவு செய்தேன். வீட்டு வேலை செய்யும் பெண்கள், ஓட்டுநர்கள், இட்லி விற்றவர்கள். அப்போது பல்கலைக்கழகக் கணக்கில் அளவற்ற சேமிப்பிடம் தந்திருந்தார்கள். எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு, கைபேசியில் இடம் வேண்டும் என்று மூலப்பதிவுகளை அழித்தேன். “வன்தட்டில் வைக்காதீர்கள், அது என்றாவது சாகும்” என்று துறையில் எல்லாருக்கும் அறிவுரை வேறு சொன்னேன். கணினியில் அந்தக் கோப்புறை எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவை கோப்புகளின் பெயர்கள் மட்டுமே. கோப்புகள் வேறெங்கோ இருந்தன. இந்த வேறுபாட்டை அறியாதவன் அல்லன் நான். அறிந்தும் பொருட்படுத்தவில்லை.

பட்டம் பெற்று வேறு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தேன். சேமிப்பிடத்துக்கு வரம்பு வந்தது. பழைய மாணவர்களின் கணக்குகளை மூடப்போவதாக அறிவிப்பு அனுப்பினார்கள். மூடப்போகும் அந்த முகவரிக்கே அனுப்பினார்கள். நான் அதைத் திறப்பதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. விதிப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது. யார்மீதும் வழக்குத் தொடுக்க இடமில்லை. 34இல் 11 மிஞ்சின. அவையும், ஒருமுறை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும்போது வழியில் இணையம் இருக்காதே என்று எக்ஸ்220இல் படியெடுத்து வைத்திருந்தவை. என்றாவது சாகும் என்று நான் எல்லாரையும் எச்சரித்த வன்தட்டு இன்றும் உயிரோடு இருக்கிறது.

கணினித் திரைகளில் ‘சேமி’ என்ற கட்டளைக்கு இன்னும் பழைய நெகிழ்வட்டின் படத்தையே போடுகிறார்கள். சேமிப்பு என்றால் நம் வீடுகளில் அரிசிப்பானைக்குள் இருக்கும், உண்டியலில் இருக்கும். எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரியும். இப்போது அந்தச் சொல்லை அழுத்தும்போது, நம் பொருளை எங்கோ ஒருவரிடம் கொடுத்து வைக்கிறோம். தமிழில் அதற்கு ‘அடைக்கலம்’ என்று ஒரு சொல் உண்டு. அடைக்கலம் கொடுத்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பொருளுக்கு உரியவர் அவ்வப்போது போய்ப் பார்த்து வரவேண்டும். நான் போய்ப் பார்க்கவில்லை.

நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. தகுதி பெற்ற குடும்பங்களுக்குத் தில்லியின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். சில மாதங்கள் கழித்து, பதிவு தொலைந்த ஓர் அம்மாவைத் தேடி அங்கே போனேன். அடையாளம் கண்டுகொண்டு தேநீர் போட்டுக் கொடுத்தார். வந்த காரணத்தைச் சொல்லி, கைபேசியை மேசையில் வைத்தேன்.

“அன்னிக்கே எல்லாத்தையும் சொன்னேனே கண்ணு, அத என்ன பண்ணுன?” என்றார்.

என்ன நடந்தது என்று விளக்கினேன். கணக்கு, வரம்பு, முகவரி. நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு மறுபடியும் சொல்லத் தொடங்கினார். 2018இல் அவர் கதை, மூன்று வயதுப் பிள்ளையோடு புது தில்லி நிலையத்தில் இறங்கி, மொழி தெரியாமல் நடைமேடையிலேயே ஓர் இரவு உட்கார்ந்திருந்ததில் தொடங்கியது. நடுவில் கேம்ப்பின் மாரியம்மன் திருவிழாவைப் பற்றி நெடுநேரம் பேசி, ஒரு பாட்டும் பாடினார். இம்முறை கதை இடிப்பு இயந்திரம் வந்த காலையிலிருந்து தொடங்கியது. இரயில் நிலையம் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிட்டது. பாட்டைப் பற்றிக் கேட்டேன். “பாட்டா? நானா பாடினேன்?” என்றார்.

அன்றிரவே அந்தப் பதிவை இரண்டு வன்தட்டுகளில் படியெடுத்தேன். ஒன்று விடுதி அறையில் இருக்கிறது. மற்றொன்றை அவர் மகனிடம் கொடுத்திருக்கிறேன்.