உதவிப்பணம்

தங்கை வீட்டுக்குப் போனால் நயாகரா பார்க்கலாம், சுதந்திர தேவி சிலையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பியவன் நான். 2025 ஏப்ரலில் நியூஜெர்சி எடிசனில் போய் இறங்கினால், வீடு பரீட்சை ரிசல்ட் வந்த வீடு மாதிரி இருக்கிறது. தங்கை மகள் பன்னிரண்டாம் கிளாஸ் முடிக்கிற வருஷம். மூன்று காலேஜ்களில் இருந்து பதில் வந்திருந்தது.

"ரெண்டு இடத்துல அட்மிஷன் மாமா. நான் ஆசைப்பட்ட காலேஜ் மட்டும் வெயிட் லிஸ்ட்" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

வெயிட்டிங் லிஸ்ட் நமக்குத் தெரியாததா? நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் பார்க்காத வெயிட்டிங் லிஸ்ட்டா? "எத்தனாவது நம்பர்?" என்று கேட்டேன்.

"நம்பரெல்லாம் கிடையாது மாமா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம்பர் இல்லாத வெயிட்டிங் லிஸ்ட்டில் எப்படிக் காத்திருப்பது? அவள்தான் விளக்கினாள். அட்மிஷன் கொடுத்த எல்லாரும் வந்து சேர மாட்டார்கள் என்று காலேஜுக்குத் தெரியும். மே 1-ம் தேதிக்குள் பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் எத்தனை இடம் காலி, எந்தப் பிரிவில் காலி என்று எண்ணுவார்கள். இயற்பியலுக்கு ஆள் குறைந்தால் இயற்பியல் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலான காலேஜ்களில் வரிசை என்பதே கிடையாது. ரயில் மாதிரி ஒருவர் இறங்கினால் அடுத்தவர் ஏறுகிற கதை இல்லை.

இதில் இன்னொன்று கவனியுங்கள். "காத்திருக்கிறேன்" என்று நாமே பதில் போட வேண்டும். போடாவிட்டால் லிஸ்ட்டிலும் பெயர் இருக்காது. அதே சமயம், மே 1-க்குள் வேறொரு காலேஜில் முன்பணம் கட்டி இடம் பிடித்தும் வைக்க வேண்டும். பிறகு ஆசைப்பட்ட இடத்தில் கூப்பிட்டால், கட்டிய பணம் பெரும்பாலும் போனதுதான். அப்படிக் கூப்பிடும்போது உதவித்தொகைப் பெட்டியில் எவ்வளவு மிச்சம் இருக்குமோ, அதுவும் தெரியாது.

சரி, அட்மிஷன் கிடைத்த இரண்டு இடங்களுக்கு வருவோம். வீட்டில் நிஜமான சண்டை அதில்தான்.

ஒன்று பெயர் பெற்ற தனியார் காலேஜ். வருஷச் செலவு, விடுதி சாப்பாடு எல்லாம் சேர்த்து 84,000 டாலர். "உங்களுக்கு 46,500 டாலர் உதவி" என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இன்னொன்று மாநிலப் பல்கலைக்கழகம். செலவு 36,000. உதவி வெறும் 6,000.

"அங்கே 37,500 கட்டணும், இங்கே 30,000. வருஷத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறுதானே மச்சான் வித்தியாசம்? பெரிய பேரு உள்ள காலேஜ். எப்படியாவது புரட்டிடலாம்" என்றார் மாப்பிள்ளை. அவருக்கு ஜனவரியில் வேலை போயிருந்தது. தங்கை ஒன்றும் பேசாமல் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

பேங்க்கில் முப்பது வருஷம் லோன் பேப்பர் பார்த்தவன் நான். கை சும்மா இருக்குமா? இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். அந்த 46,500 மூன்று வரியாகப் பிரிந்திருந்தது. கிராண்ட் 38,000. ஸ்டூடன்ட் லோன் 5,500. வொர்க் ஸ்டடி 3,000.

கிராண்ட் என்றால் திருப்பித் தர வேண்டாத பணம். லோன் என்றால், உலகத்தில் எங்கே போனாலும் லோன்தான்; வட்டியோடு கட்ட வேண்டும். வொர்க் ஸ்டடி என்றால், நூலகத்திலோ கேன்டீனிலோ பிள்ளை வேலை பார்த்துச் சம்பாதிக்கிற கூலி. வேலை பார்த்த பிறகுதான் பணம் வரும். ஃபீஸ் பில்லில் முன்கூட்டியே கழியாது.

ஆக, உதவி 38,000-தான். செலவில் அதைக் கழித்தால் 46,000. மாநிலப் பல்கலைக்கழகத்தின் 6,000 முழுக்க கிராண்ட்; அங்கே கணக்கு 30,000. வித்தியாசம் ஏழாயிரத்து ஐந்நூறு இல்லை, பதினாறாயிரம். நாலு வருஷத்துக்கு 64,000 டாலர்.

மாப்பிள்ளை கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"கடனை எதுக்கு உதவின்னு எழுதணும்?" என்று தங்கை அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

மறுநாள் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. 2025-26 படிப்புக்கான அரசு விண்ணப்பத்தில் 2023-ம் வருஷ வருமானத்தைத்தான் கேட்கிறார்கள். 2023-ல் மாப்பிள்ளைக்கு நல்ல சம்பளம். இப்போது வேலையே இல்லை. இப்படி நிலைமை மாறினால் காலேஜின் உதவித்தொகை அலுவலகத்துக்கு ஆதாரத்தோடு எழுதி, மறுபரிசீலனை கேட்கலாம். மாப்பிள்ளைக்குக் கூச்சம். "வேலை போனதை ஊருக்கெல்லாம் சொல்லணுமா?" "ஊருக்குச் சொல்ல வேண்டாம் மாப்பிள்ளை, அந்த ஆபீசுக்குச் சொல்லுங்க" என்றேன். இரண்டு காலேஜுக்கும் எழுதினார். தனியார் காலேஜ் கைவிரித்தது. மாநிலப் பல்கலைக்கழகம் 4,000 டாலர் கூட்டிக் கொடுத்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கடிதம் வரலாம். இங்கிருந்து விசாவில் போகிற பிள்ளைகளுக்கு அமெரிக்க அரசின் கிராண்டோ லோனோ கிடையாது. காலேஜ் தன் கையில் இருந்து கொடுப்பதுதான். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. மாதிரிச் சில இடங்களில்தான், பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும்போது வெளிநாட்டாருக்கும் பணவசதி பார்ப்பதில்லை. எந்தக் கடிதமானாலும் இரண்டாம் பக்கத்தைப் படியுங்கள். இதில் எது திருப்பித் தர வேண்டாதது, அது நாலு வருஷமும் வருமா, எத்தனை மார்க் குறைந்தால் நிற்கும்? இந்த மூன்றையும் கேட்காமல் சந்தோஷப்படாதீர்கள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. தங்கை கேட்டது காதிலேயே இருந்தது. கடனை எதுக்கு உதவின்னு எழுதணும்?

1979-ல் திருநெல்வேலியில் பி.எஸ்ஸி. சேர நானும் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்தேன். ஏழாம் நம்பர். அப்பா தினமும் பஸ் ஏறிப் போய் நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டு வருவார். பன்னிரண்டாம் நாள் இடம் கிடைத்தது. ஃபீஸுக்கு என்ன செய்வது என்று நான் முழித்தபோது, "காலேஜ்லயே உதவிப்பணம் குடுக்காங்கலே, நீ படி" என்றார். ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் வருஷம்தான் தெரிந்தது. அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது. கடைசி வரை மீட்க முடியாமல் மூழ்கியும் போனது.

அப்பாவும் கடனைத்தான் உதவி என்று சொன்னார். ஆனால் அந்தக் கடனை என் கணக்கில் எழுதவில்லை.

மருமகள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள். ஆசைப்பட்ட காலேஜிலிருந்து ஜூன் மாதம் "இடமில்லை" என்று வந்ததாம். போனில் சொல்லும்போது அழவில்லை. "மாமா, என் பேர்ல கடன் எதுவும் வாங்கலியே?" என்று மட்டும் கேட்டாள்.

"உன் பேர்ல இல்லம்மா" என்றேன்.

தங்கை கழுத்தில் கிடக்கிற சங்கிலியை, அடுத்த முறை போகும்போது பார்க்க வேண்டும்.