பொதுக் களஞ்சியத்தில் நம் ஊர்

பலர் கைபட்டே அறிவு நூல்கள் நிறைவெய்தும் என்பதற்குத் தமிழ் அகராதிகளே சான்று. யாழ்ப்பாணத்து மிஷனெரிமார் முன்னரே திரட்டிய சொற்களையும் துணைக்கொண்டு, வின்சுலோ ஐயர் தம் பேரகராதியை 1862இல் வெளியிட்டார். அந்நெறியில், கணினி வழியாக 2003இல் தோன்றிய பொதுக் களஞ்சியம் தமிழ் விக்கிப்பீடியா. அதில் எவரும் எழுதலாம். ஆயின், சான்றில்லாத செய்தி அங்கே நிலைபெறுதல் அரிது.

அதன்கண் இராணிப்பேட்டையின் தோல் தொழிலைப் பற்றி எழுத யாம் முற்பட்டோம். ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட பழைய முறையையும், பின்னர்க் குரோமிய உப்பு வந்ததையும் எழுதுதல் எளிதாயிற்று. பாலாற்றைப் பற்றி எழுதப் புகுந்தபோதோ கை தயங்கிற்று. எம்மிற் பலர் வீட்டில் அடுப்பெரிவது அத்தொழிலால் அன்றோ! எனினும், தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீர் ஆற்றையும் நிலத்தையும் கெடுத்தமை குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பை மறைத்தல் தகுமோ? தொழில் தந்த வாழ்வையும், அதனால் விளைந்த கேட்டையும், புகழ்ச்சியும் இகழ்ச்சியுமின்றிச் சான்றுடன் அருகருகே வைத்தோம்.

மாணவ நண்பர்களே, நீவிரும் நும் ஊரைப் பற்றி எழுதுவீர்களாக. அறிந்த நாம் எழுதாதொழியின் அறியாதார் எழுதுவர். நம் தம்பிமாரும் தங்கைமாரும் அதனையே மெய்யெனக் கற்பர்.