மைனஸ் 2

லாரியின் நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிகிறது. லாரியைக் காணோம். கருப்பில் மிதக்கும் ஒரு பிளேட், அதன் கீழே சிவப்பு ஒட்டுப்பட்டை, அவ்வளவுதான். பின்னால் வந்த காரின் டேஷ்கேம் எடுத்த வீடியோ அது. பதினைந்து இருபது தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன். பார்க்கும்போதெல்லாம் கடைசி ஒரு விநாடியையே முறைத்துக்கொண்டிருந்ததால், தொடக்கத்திலேயே வரும் இந்த லாரி நெடுநாள் என் கண்ணில் படவில்லை.

விபத்து 2021-ல், விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே, நாலுவழிச் சாலையில். சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் சாப்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர், மீடியன் இடைவெளி வழியாகச் சாலையைக் கடந்தார். கார் மோதி அங்கேயே இறந்துவிட்டார். வயது 52. மனைவிக்கும் மகளுக்கும் நான் வக்காலத்துப் போட்டு, மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில் நஷ்ட ஈடு கேட்டிருந்தேன்.

சாதாரண வழக்கு என்றுதான் நினைத்தேன். எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல், மோதிய காரின் டேஷ்கேம் வீடியோவை ஒரு பென் டிரைவில் கொண்டு வந்தார். வீடியோவில் சாலை கும்மிருட்டாக இருக்கிறது. திடீரென்று சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று முளைக்கிறது. அடுத்த நொடி மோதல். "யாராக இருந்தாலும் இப்படித்தான் இடித்திருப்பார்கள். ஆள் வண்டியில் வந்து விழுந்த மாதிரி இருக்கிறது. பாதித் தப்பு இறந்தவர் பேரில்" என்றார். பாதி என்றால் சும்மா இல்லை. மாத வருமானம் 12,000 என்று எடுத்து, பிரணய் சேத்தி தீர்ப்புப்படி எதிர்கால உயர்வு 10 சதவீதம் கூட்டி, சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்து, சரளா வர்மா தீர்ப்பின் பெருக்கு எண் 11-ஆல் பெருக்கினால் 11,61,600 ரூபாய் வரும். அதில் பாதி போய்விடும்.

முதலில் நான் அசட்டுத்தனமான ஒரு வழியில் இறங்கினேன். வீடியோவின் அடியில் பொடி எழுத்தில் நேரம் 15:52 என்று இருந்தது. முதல் தகவல் அறிக்கையில் இரவு 9.22. "பிற்பகல் மூன்றே முக்கால் தாண்டி எடுத்த வீடியோவில் நடு ராத்திரி இருட்டா? இது வேறு வீடியோ" என்று முழங்கினேன். எதிர்த்தரப்பு ஜூனியர் பையன் எழுந்து, இரண்டுக்கும் சரியாக ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்றான். கேமரா ஜிபிஎஸ்ஸிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் நம் ஊர் நேரத்தைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் கிரீன்விச் நேரத்திலேயே ஓடும். நீதிபதி சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

அடுத்து சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழைப் பிடித்தேன். மின்னணு ஆவணத்தின் நகலுக்குச் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்பது 2014-ல் அன்வர் வழக்கிலும், 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். (இப்போது, 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு; ஹாஷ் மதிப்பையும் எழுதித் தர வேண்டும்.) ஆனால் மோட்டார் விபத்து டிரிப்யூனல் நடத்துவது சுருக்க விசாரணை. சாட்சியச் சட்டத்தை அங்கே ரொம்பவும் இறுக்கிப் பிடிக்க முடியாது என்று எனக்கும் தெரியும். எதிர் வக்கீல் அலட்டிக்கொள்ளவே இல்லை. "சான்றிதழ்தானே பிரச்சினை? கேமராவையே கொண்டு வருகிறோம். சொந்தக்காரரே கூண்டில் ஏறி இது என் கேமராதான் என்று சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்று நீங்கள் காட்டும் அதே தீர்ப்பில் இருக்கிறது" என்றார். இருக்கத்தான் செய்கிறது.

இதற்கு நடுவில் இறந்தவரின் மனைவி என் ஆபீசுக்கு வந்திருந்தார். மோதலுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு, சாலை வரும் பகுதியை மட்டும் காட்டினேன். இடம் அதுதானா என்று கேட்பதற்காக. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தவர் கேட்டார்: "இவ்ளோ இருட்டா சார் அந்த ரோடு? விடியக்காலம் நாலரைக்கு நான் தினம் அந்த வழியாத்தான் பால் ஊத்தப் போறேன். எதிர்ல வர்ற ஆளு மூஞ்சியே தெரியும்." பிறகு, யாரிடமோ சொல்வதைப் போல, "வேட்டிக்கு அன்னிக்குக் காலையிலதான் நீலம் போட்டேன்" என்றார்.

அவர் போன பிறகுதான் லாரியைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் கார் சீட் கவரும் ஹாரனும் மாட்டும் கடை ஒன்று உண்டு. அங்கே வேலை பார்க்கும் பையனுக்கு லேப்டாப்பில் அதைக் காட்டினேன். பார்த்ததுமே, "எக்ஸ்போஷரைக் குறைச்சு வெச்சிருக்காங்க சார்" என்றான். ஒரு டப்பாவிலிருந்து வேறொரு கேமராவை எடுத்து, மெனுவைத் திறந்து காட்டினான். பிளஸ் 2-லிருந்து மைனஸ் 2 வரை. ராத்திரியில் நம் ஹெட்லைட் வெளிச்சம் முன்வண்டியின் பிளேட்டில் பட்டு அப்படியே திரும்பி வரும். இப்போதைய பிளேட்டுகள் ஒளியைத் திருப்பி அடிப்பதற்கென்றே செய்தவை. கேமராவோ சுற்றிலும் இருக்கும் இருட்டைக் கணக்குப் பண்ணி நிறைய ஒளியை உள்ளே விடும். பிளேட் வெறும் வெள்ளைக் கட்டியாகிவிடும். எண் தெரிய வேண்டுமென்றால் எக்ஸ்போஷரை இறக்க வேண்டும். இறக்கினால் பிளேட் தெரியும், மற்றதெல்லாம் கருகிப்போகும்.

"எல்லாம் தெரியுற மாதிரி வைக்க முடியாதா?"

"அதுக்குத்தான் டபிள்யூ.டி.ஆர்.னு ஒண்ணு இருக்கு சார். ஓரளவுக்குத்தான். ராத்திரிக்கு அறுபது ஃப்ரேம் வேணாம், முப்பதே போதும். அறுபதுல ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கிற நேரம் பாதியாயிடும், இன்னும் இருட்டும். முப்பதுல வெளிச்சம் வரும், ஆனா ஓடுற பொருள் இழுத்துக்கும்." பகலில் கண்ணாடிப் பிரதிபலிப்பைத் தடுக்க மாட்டும் சிபிஎல் ஃபில்டரை ராத்திரியில் கழற்றிவிட வேண்டும், அதுவே நிறைய ஒளியைத் தின்றுவிடும் என்றும் சொன்னான். பேச்சோடு பேச்சாக என் காரின் முன்கண்ணாடியில், உள்பக்கம், விரலால் ஒரு கோடு இழுத்தான். விரலில் எண்ணெய் மாதிரி ஒரு படலம். "இதை மொதல்ல தொடைங்க சார். அப்புறம் செட்டிங் மாத்தலாம்."

அந்த வாரமே ஒரு ராத்திரி அவனையும் என் ஜூனியரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஹைவேயில் ஆளை நிறுத்த முடியாது. பக்கத்து சர்வீஸ் ரோட்டில் ஒரு சவுக்குக் கொம்பை நட்டு, என் வேட்டி ஒன்றைச் சுற்றிக் கட்டினோம். காரை நிறுத்திவிட்டு டேப்பால் அளந்தோம். அதே மாடல் கேமரா, லோ பீம். மைனஸ் 2-ல் 16 மீட்டர் வரை நெருங்கினால்தான் வேட்டி சாம்பலாகத் தெரிந்தது. பூஜ்யத்தில் 40 மீட்டரிலேயே தெரிந்தது. கண்ணால் பார்த்தபோது அதற்கும் முன்னாலேயே. பின்னால் வந்த டூவீலர்க்காரர் ஒருவர் பேயென்று நினைத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். இந்தச் சோதனையை மனுவாகப் போட்டேன். ஆட்சேபித்தார்கள். டிரிப்யூனல் வாங்கி வைத்துக்கொண்டது, எடை எதுவும் தரவில்லை. நியாயந்தான். வக்கீலே வேட்டி கட்டி அளந்தால் அது சாட்சியமாகாது.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்திருப்பது அப்புறந்தான் தெரிந்தது. 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரத்தில், ஊபரின் சோதனைத் தானியங்கிக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மீது மோதியது. போலீஸ் வெளியிட்ட வீடியோவில் அவர் இருட்டிலிருந்து கடைசி நேரத்தில்தான் தோன்றினார். சில நாளில் அந்த ஊர்க்காரர்கள் அதே இடத்தைப் போனில் எடுத்துப் போட்டார்கள். சாலை நன்றாகவே தெரிந்தது. மோதலுக்கு 5.6 விநாடி முன்பே காரின் உணர்கருவிகள் எதையோ கண்டுகொண்டிருந்தன என்று பின்னால் விசாரணையில் வந்தது. நம் கோர்ட்டில் மேற்கோள் காட்ட உதவாது. எனக்குத் தெம்பு வந்தது.

சாட்சி நாள். கார்க்காரர் முப்பது வயசு இருக்கும், சென்னையில் வேலை. கேமராவைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். நீதிபதி அனுமதியோடு அதற்கு மின்சாரம் கொடுத்து மெனுவைத் திறக்கச் சொன்னேன். பெஞ்ச் கிளார்க் எட்டிப் பார்த்துப் படித்தார்: மைனஸ் 2.

"எப்போது வைத்தீர்கள்?"

"விபத்துக்கு ஆறேழு மாசம் முன்னாடி. ஒரு வேன்காரன் இடிச்சுட்டு நிக்காமப் போயிட்டான். வீடியோவுல நம்பர் வெள்ளையாப் போயிடுச்சு. அதுக்கப்புறம் குறைச்சேன்."

"பிறகு மாற்றவில்லையா?"

"இல்லை."

"அன்றைக்கு உங்கள் கண்ணுக்கும் சாலை இந்த வீடியோவில் இருக்கிற அளவுக்குத்தான் தெரிந்ததா?"

எதிர் வக்கீல் எழுந்தார். நீதிபதி கையசைத்து உட்காரச் சொன்னார். சாட்சி கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை சார். அப்படித் தெரிஞ்சிருந்தா வண்டியை ஓரங்கட்டியிருப்பேன்."

அந்த வாக்கியத்தை அப்படியே பதிவு செய்யச் சொன்னேன்.

எதிர் வக்கீல் சளைக்கவில்லை. வீடியோவின் அடியிலேயே வேகம் 72 கிலோமீட்டர் என்று இருந்தது. விநாடிக்கு 20 மீட்டர். "நண்பர் சொல்லும் 40 மீட்டரையே வைத்துக்கொள்வோம், இரண்டு விநாடிதான். சாலை வடிவமைப்புக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஓட்டுநருக்குக் கொடுக்கும் எதிர்வினை நேரமே இரண்டரை விநாடி. பிரேக்கில் கால் போவதற்குள் 50 மீட்டர் போய்விடும்" என்றார். நல்ல அடி. "அப்படியென்றால் லோ பீமில் 72-ல் போனது ஏன்?" என்று திருப்பிக் கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. எதிரே வண்டிகள் வரும்போது ஹை பீம் போட்டால் அதற்கும் நீங்கள்தானே வழக்குப் போடுவீர்கள் என்றார்.

கார்க்காரர் மேல் 80, இறந்தவர் மேல் 20 என்று தீர்ப்பு வந்தது. வீடியோ சாலையின் உண்மையான வெளிச்சத்தைக் காட்டவில்லை, சாட்சியே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று ஒரு பாரா. ஆனாலும் இரவில் நாலுவழிச் சாலையை மீடியன் இடைவெளியில் கடந்தவருக்கும் பொறுப்பு உண்டு என்று அடுத்த பாரா. அந்த 20-ல் 2,32,320 ரூபாய் போனது. அப்பீல் போகலாம் என்றேன். அந்த அம்மாள் வேண்டாமென்றார். மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

சாட்சி சொன்ன அன்று மாலை, வேப்பமரத்தடியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கார்க்காரர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். பேசக் கூடாதோ என்று நினைத்தவர் மாதிரி சுற்றிலும் பார்த்தார். கையில் அந்தக் கேமரா.

"சார், அப்ப இதை எதுல வைக்கணும்?"

மைனஸ் அரையில் வையுங்கள், கண்ணாடியை உள்பக்கம் துடையுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றார். அவருக்கும் ஒரு டீ சொன்னேன்.